விட்டதைப் பிடிக்க முடியுமா?

வீட்டுக்குள் விஞ்ஞானம்

 

சூது என்றதும் நம் மனக்கண்ணில் தெரிவது சந்தியில் சீட்டுக்கட்டோடு குந்தியிருக்கும் கூட்டமும், குதிரைப் பந்தயக் கடையும், நகரத்துக் கசினோவும்தான். இவையெல்லாம் வீட்டுக்கு வெளியே இருந்தவை. போனவரைக் கண்டவர்கள் வந்து சொல்வார்கள். விஷயம் நமக்கும் தெரிந்துவிடும். இன்றைய சூது அப்படியில்லை. வாசற்படியைத் தாண்டி, முன் ஹோலைத் தாண்டி, அறைக்குள் தலையணைக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியாக வந்து கிடக்கிறது. காண்பவர் யாருமில்லை.

அதில் பலரையும் இழுக்கும் ஒன்று ஸ்லொட் எனப்படும் விளையாட்டு. திரையில் எலுமிச்சம்பழம், கொடிமுந்திரி, மணி, ஏழாம் இலக்கம் என்று படங்கள் மேலிருந்து கீழாகச் சுழலும். ஒரே படம் வரிசையாக வந்து நின்றால் பணம். இல்லாவிட்டால் போட்டது போச்சு. எழுத்தறியாதவரும் விளையாடலாம், ஒரு விரல் போதும்.

"சூது ஹராம். அதற்கு மேல் இதைப்பற்றி நமக்கென்ன ஆராய்ச்சி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஏற்கனவே மாட்டிக்கொண்ட மகனிடமோ கணவரிடமோ அதைச் சொல்லிப் பாருங்கள். "ஹராமென்று எனக்கும் தெரியும். விட்ட காசை எடுத்ததும் நிறுத்திவிடுவேன்" என்பதுதான் பதிலாக வரும். அந்தப் பேச்சை நம்பித்தான் பல வீடுகளில் காப்பும் மாலையும் அடகுக் கடைக்குப் போகின்றன. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த இயந்திரத்தில் விட்டதைப் பிடிக்க முடியுமா? அதற்கு விடை காண, இயந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இரும்புப் பெட்டியில் தொடங்கிய கதை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சார்ள்ஸ் ஃபே என்ற இயந்திர வினைஞர் ஒரு பெட்டி செய்தார். 'லிபர்ட்டி பெல்' என்பது அதன் பெயர். உள்ளே மூன்று உருளைகள். ஒவ்வொன்றிலும் நின்றுகொள்ளப் பத்து இடங்கள். காசைப் போட்டுப் பக்கத்திலுள்ள கைபிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று நிற்கும். மூன்றிலும் மணி வந்தால் பெரிய பரிசு. பழங்களின் படங்கள் பிறகு வந்தவை. இதேபோன்ற பெட்டிகள் ஒரு காலத்தில் காசுக்குப் பதிலாகப் பழச்சுவையுள்ள சூயிங்கம் கொடுத்தன. அந்த வழக்கம் மறைந்தும் எலுமிச்சையும் முந்திரியும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பழைய பெட்டியின் கணக்கு எளிது. பத்தைப் பத்தால் பெருக்கி, மீண்டும் பத்தால் பெருக்கினால் 1,000. படங்கள் 1,000 விதமாக நிற்கலாம். ஓர் உருளையில் மணி ஒரே ஒரு இடத்தில் இருந்தால், மூன்று மணியும் சேர்ந்து வர 1,000இல் ஒரு வாய்ப்பு. உருளையை எண்ணத் தெரிந்தவருக்கு வாய்ப்பும் தெரியும்.

இந்த வெளிப்படையான கணக்குத்தான் 1984இல் மாறியது. இங்கே தெல்னேஸ் என்பவர் அவ்வாண்டு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். அவர் செய்தது என்ன? உருளை எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சுழற்சியிடம் விடாமல், உள்ளேயிருக்கும் சிறு கொம்பியூட்டரிடம் ஒப்படைத்தார். கொம்பியூட்டர் ஓர் இலக்கத்தை எடுக்கும். அந்த இலக்கத்துக்குரிய இடத்தில் உருளையைக் கொண்டுபோய் நிறுத்தும். உருளை வெறும் காட்சிப் பொருளாகிவிட்டது.

உதாரணம் ஒன்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் உருளையில் 22 இடங்கள் உள்ளன. அப்படியானால் மூன்று உருளைக்கும் 10,648 விதங்கள். உள்ளேயிருக்கும் கொம்பியூட்டரிலோ ஓர் உருளைக்கு 64 இலக்கங்கள். அந்த 64இல் ஒன்றே ஒன்றுதான் பெரும்பரிசுப் படத்துக்கு உரியது. 64ஐ மூன்று தடவை பெருக்கினால் 262,144. கண் பார்ப்பது பத்தாயிரத்தில் ஒன்று. உண்மையில் இருப்பது இரண்டரை இலட்சத்துக்கு மேல் ஒன்று. இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்! கண்ணால் எண்ணி வாய்ப்பை அறியும் காலம் அத்தோடு முடிந்தது.

இன்றைய கைத்தொலைபேசி ஸ்லொட்டில் இரும்பும் இல்லை, உருளையும் இல்லை. எல்லாம் படம். ஐந்து உருளைகள், ஒவ்வொன்றிலும் 50 இடங்கள் என்று வைத்துக்கொண்டால் 31 கோடி 25 இலட்சம் விதங்கள் வரும். அதில் ஒன்றுக்குக் கோடிக்கணக்கில் பரிசு அறிவிப்பது கம்பனிக்குப் பெரிய காரியமல்ல.

இலக்கம் எங்கிருந்து வருகிறது?

கொம்பியூட்டர் இலக்கத்தை எடுக்கும் என்றோம். எப்படி எடுக்கும்? ஓ.எல். கணிதத்தில் நம் பிள்ளைகள் 'எழுமாற்று' என்று படிக்கிறார்களே, அதுதான் இங்கே தேவை. எந்த ஒழுங்குக்கும் அகப்படாத இலக்கங்கள். ஆனால் கொம்பியூட்டர் சொன்னதைச் செய்யும் பிள்ளை. தானாக ஒன்றை நினைக்க அதற்குத் தெரியாது. ஆகவே ஒரு சூத்திரத்தைக் கொடுத்து, எழுமாற்றுப் போலத் தோன்றும் இலக்கங்களை அதைக்கொண்டே செய்விக்கிறார்கள்.

ஒரு பென்சில் எடுத்து நீங்களே செய்து பாருங்கள். 5 என்ற இலக்கத்தில் தொடங்குங்கள். அதை 7ஆல் பெருக்குங்கள்: 35. அதை 11ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுங்கள்: 2. அந்த 2ஐ மறுபடி 7ஆல் பெருக்கி 11ஆல் வகுத்தால் மீதி 3. இப்படியே தொடர்ந்தால் 5, 2, 3, 10, 4, 6, 9, 8, 1, 7 என்று வரும். பார்ப்பவருக்கு ஒழுங்கே இல்லாத இலக்கங்கள்! ஆனால் பத்தோடு சுற்று முடிந்து மறுபடியும் 5 வந்துவிடும்.

நமது சூத்திரம் சின்னது, சுற்றும் சின்னது. பெரிய சூத்திரங்களின் சுற்று மனித புத்திக்கு எட்டாது. 1997இல் மக்கோட்டோ மட்சுமோட்டோ, தக்குஜி நிஷிமுரா என்ற இரு ஜப்பானியக் கணித அறிஞர்கள் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். அதன் சுற்று எத்தனை இலக்கம் கொண்டது என்று எழுதப் போனால், அந்த எண்ணே 6,002 தானங்கள் நீளமானது. சூதாட்ட இயந்திரங்களில், வெளியிலிருந்து யாரும் ஊகிக்காதபடி இன்னும் காப்பாகச் செய்த சூத்திரங்களைப் பாவிக்கிறார்கள். நமது உதாரணத்தில் 5 என்று தொடங்கினோமே, அந்தத் தொடக்க இலக்கத்தையும் மறைத்து வைப்பார்கள்.

நீங்கள் விரலை வைக்கும் கணத்தில் நடப்பது இதுதான். உங்கள் போன், கம்பனியின் கொம்பியூட்டருக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. அது வேறு ஏதோவொரு நாட்டில் இருக்கலாம். அந்தக் கொம்பியூட்டர் இலக்கத்தை எடுத்து, தன்னிடமுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு, வெற்றியா தோல்வியா என்று முடிவுசெய்து, உங்கள் கணக்கில் கூட்டியோ கழித்தோ விடுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துபோகும். அதன் பிறகுதான் போனில் படங்கள் சுழலத் தொடங்குகின்றன!

ஆமாம் சகோதரிகளே, சுழலும்போது முடிவு ஏற்கனவே எழுதப்பட்டாகிவிட்டது. நடுவில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும், போனைக் குலுக்கினாலும், இணைப்பு அறுந்துபோனாலும் அது மாறாது. மெதுவாக வந்து நிற்கும் கடைசி உருளையும், நெஞ்சைப் படபடக்க வைக்கும் இசையும் முடிந்துபோன கதைக்குப் போடும் நாடகம். "எனக்குக் கைப்பழக்கம் இருக்கிறது", "நேரம் பார்த்து அழுத்துவேன்" என்று பேசுகிறவர் அந்த நாடகத்தைப் பார்த்தே ஏமாறுகிறார்.

ஓர் அட்டவணையைப் பிரித்துப் பார்ப்போம்

அந்த அட்டவணை எப்படி இருக்கும்? விளங்குவதற்காக நாமே ஒன்று செய்வோம். ஒரு தடவைக்குப் பந்தயம் 10 ரூபா. கொம்பியூட்டர் 1 முதல் 1,000 வரை ஓர் இலக்கத்தை எடுக்கும்.

1 வந்தால் 2,000 ரூபா பரிசு.
2 முதல் 11 வரை வந்தால் 200 ரூபா.
12 முதல் 111 வரை வந்தால் 30 ரூபா.
112 முதல் 371 வரை வந்தால் 10 ரூபா.
372 முதல் 1,000 வரை எது வந்தாலும் ஒன்றுமில்லை.

ஒவ்வோர் இலக்கமும் ஒரு தடவை வந்தால் கணக்கு என்னவாகும்? ஆயிரம் தடவைக்குப் போட்ட பணம் 10,000 ரூபா. பரிசாகப் போனது 2,000, அடுத்து 2,000, அடுத்து 3,000, அடுத்து 2,600. ஆக 9,600 ரூபா. கம்பனியின் பையில் 400.

கவனியுங்கள், இங்கே எந்த மோசடியும் நடக்கவில்லை. இலக்கங்கள் நேர்மையாகவே எழுந்தன. பரிசும் சொன்னபடி கொடுக்கப்பட்டது. இருந்தும் 400 ரூபா போய்விட்டது. ஏனென்றால் அந்த 400 அட்டவணையைப் போடும்போதே ஒதுக்கப்பட்டுவிட்டது. கம்பனி யாரையும் தோற்கடிக்கத் தனியாக முயல வேண்டியதில்லை. நூறு பேர் வென்றாலும் கவலையில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தால் மட்டும் போதும்.

இந்த நூற்றுக்கு 96 என்ற கணக்கைக் கம்பனிகளே பெருமையாக விளம்பரம் செய்வதுண்டு. கேட்பவர், "நூறு ரூபா கொண்டுபோனால் 96 ரூபாவோடு திரும்பலாம், நாலு ரூபாதானே செலவு" என்று நினைக்கிறார். இங்கேதான் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. நாலு ரூபா பிடிக்கப்படுவது கொண்டுபோன பணத்தில் ஒரு தடவை மட்டுமல்ல, ஒவ்வொரு பந்தயத்திலும்!

நூறு சுண்டு அரிசியை ஒரு சாக்கிலிருந்து இன்னொரு சாக்குக்கு மாற்றுகிறீர்கள். மாற்றும்போது நாலு சுண்டு கீழே சிந்துகிறது. மறுபடி பழைய சாக்குக்கு மாற்றுகிறீர்கள்; மறுபடியும் நூற்றுக்கு நாலு சிந்துகிறது. ஒருவர் பிடி அரிசிகூட எடுக்காமல், மாற்றி மாற்றியே பதினேழு தடவையில் சாக்கு பாதியாகிவிடும்.

பணத்திலும் இதுவே நடக்கிறது. 10,000 ரூபாவோடு தொடங்கி, தடவைக்கு 100 ரூபா வீதம், நிமிடத்துக்குப் பத்துத் தடவை ஒருவர் விளையாடுகிறார். வரும் பரிசையும் திருப்பித் திருப்பிப் போடுகிறார். இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் விளையாடினால் அவர் சுமார் 1,250 தடவை அழுத்தியிருப்பார். போட்டது மொத்தம் 125,000 ரூபா. அதில் நூற்றுக்கு நாலு என்றால் 5,000. இஷாத் தொழுகைக்குப் பின் தொடங்கினால் படுக்கைக்குப் போகுமுன் பாதிப் பணம் போய்விட்டது. இது சராசரிக் கணக்கு. ஒருவருக்குக் கூடும், இன்னொருவருக்கு முழுவதுமே போகும். கூடியவரின் கதைதான் ஊருக்குள் சுற்றும். போனவர் வாய் திறப்பதில்லை.

"இவ்வளவு நேரம் வரவில்லை, இனி வரும்"

இனி, விட்டதைப் பிடிக்கும் பேச்சுக்கு வருவோம். தொடர்ந்து தோற்றவர் மனதில் ஒரு கணக்கு ஓடும்: "ஐம்பது தடவை வரவில்லை. இயந்திரத்தில் காசு சேர்ந்திருக்கும். இனி கொட்டத்தான் வேண்டும்."

நமது வீடுகளிலும் இந்தக் கணக்கு உண்டு. ஐந்து பெண்பிள்ளை பெற்றவளைப் பார்த்து, "அடுத்தது மகன்தான், இருந்து பாருங்களேன்" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். பிள்ளையைத் தருவது அல்லாஹ்வின் நாட்டம். மனிதக் கணக்கில் பார்த்தாலும், ஆறாவது பிள்ளை ஆணாக இருக்க வாய்ப்பு முதற் பிள்ளைக்கு இருந்ததேதான், கிட்டத்தட்டச் சரிபாதி. முன்னே பிறந்த ஐந்தும் பின்னே பிறப்பதற்கு எந்த அறிவித்தலும் கொடுப்பதில்லை.

1913 ஆகஸ்ட் 18இல் மொன்டே கார்லோ நகரக் கசினோவில் நடந்தது இதற்குப் பெயர் பெற்ற சாட்சி. சில்லுச் சுழற்றும் ரூலெட் மேசையில் கறுப்பு நிறம் அடுத்தடுத்து 26 தடவை வந்தது. "இனிச் சிவப்புத்தான்" என்று ஒவ்வொரு தடவையும் கூட்டம் சிவப்பில் பணத்தைக் கொட்டியது. பெரும் தொகைகள் ஒரே இரவில் அழிந்தன. சில்லுக்கு முன்பு வந்தது நினைவில் இல்லை. நினைவு வைத்திருந்தவர்கள் சுற்றி நின்ற மனிதர்கள்தான்.

நமது அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். அடுத்த இலக்கம் 1 முதல் 1,000க்குள் எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் வென்றவரா, தோற்றவரா, காப்பை அடகு வைத்து வந்தவரா என்ற கேள்வியே அங்கே இல்லை. விட்ட பணம் இயந்திரத்தில் உங்கள் பெயரில் காத்திருக்கவில்லை. அடுத்து போடும் பணத்துக்கும் நூற்றுக்கு நாலு என்ற அதே விதிதான். "விட்ட இடத்தில்தான் பிடிக்க வேண்டும்" என்பார்கள். இந்த இடத்தில் விட்டதைப் பிடிக்கப் போவது, சிந்திய அரிசியை அள்ளுவதற்கு அதே ஓட்டைச் சாக்கைக் கொண்டுபோவது போலாகும்.

மனதைக் கட்டும் மூன்று வித்தைகள்

"இவ்வளவு தெளிவான நட்டத்தைப் படித்த பிள்ளைகளும் ஏன் விடாமல் பிடிக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். அதற்கும் இயந்திரத்தில் வழி செய்திருக்கிறார்கள்.

முதலாவது, மயிரிழையில் தவறிய தோற்றம். இரண்டு மணி வந்துவிட்டது. மூன்றாவது மணி கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. "அடடா, கொஞ்சத்தில் போச்சே!" என்று மனம் அடித்துக்கொள்கிறது. அட்டவணையில் கொஞ்சத்தில் தவறுவது என்று ஒன்று கிடையாது. தோல்வி தோல்விதான். ஆனால் தெல்னேஸின் முறையில், பெரும்பரிசுப் படத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு நிறைய இலக்கங்களைக் கொடுத்துவிடலாம். அப்போது அந்தப் படம் அடிக்கடி கோட்டை ஒட்டி வந்து நின்று ஆசை காட்டும். 2009இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். வெல்லும்போது விழிக்கும் பகுதிகள் சில, இப்படி மயிரிழையில் தவறும்போதும் விழிப்பதை அவர்கள் கண்டார்கள்.

இரண்டாவது, வெற்றி வேடமிட்ட தோல்வி. ஒரே தடவையில் இருபது வரிகளுக்கு வரிக்கு ஒரு ரூபா வீதம் 20 ரூபா போடுகிறார். ஒரு வரியில் 6 ரூபா விழுகிறது. உடனே மணியோசை, வெளிச்சம், நாணயம் கொட்டும் சத்தம்! உண்மையில் நடந்தது 14 ரூபா நட்டம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், விளையாடுவோரின் தோலில் வியர்வையின் மாற்றத்தை அளந்தார்கள். உண்மை வெற்றிக்கும் இந்தப் போலி வெற்றிக்கும் உடல் ஒரேமாதிரித் துள்ளியது.

மூன்றாவது, எப்போது வருமென்று தெரியாத பரிசு. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் கூட்டில் அடைத்த புறாக்களைக் கொண்டு இதைச் சோதித்தார். பொத்தானைக் கொத்தினால் தீனி விழும். எத்தனை கொத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கை மாற்றி மாற்றி வைத்தபோது புறாக்கள் ஓயாமல் கொத்தின. தீனியை நிறுத்திய பின்பும் நீண்ட நேரம் விடவில்லை. சூதாட்ட இயந்திரம் மனிதனைப் பிடித்து வைப்பதும் இதே முறையில்தான் என்று ஸ்கின்னரே எழுதினார்.

இந்த வித்தைகளின் கேட்டை அரசாங்கங்களும் உணர்ந்திருக்கின்றன. பிரித்தானியாவில் 2021 ஒக்டோபர் முதல் ஒன்லைன் ஸ்லொட்டில் ஒரு சுற்று இரண்டரை விநாடிக்குக் குறையக்கூடாது. இயந்திரமே தொடர்ந்து சுழற்றும் வசதியும், நட்டத்தை வெற்றிபோலக் கொண்டாடும் ஓசையும் தடுக்கப்பட்டன. 2025இல் ஒரு சுற்றுக்கான பந்தயத்துக்கும் எல்லை வைத்தார்கள்: 25 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு 5 பவுண், 18 முதல் 24 வயதினருக்கு 2 பவுண். சூதை அனுமதித்த நாடே இப்படிக் கடிவாளம் போடுகிறதென்றால் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

இலவசம் என்ற தூண்டில்

"சேர்ந்தால் 5,000 ரூபா இலவசம்" என்று போனுக்குச் செய்தி வருகிறது. கீழே பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: அந்தத் தொகையைப்போல 35 மடங்குக்குப் பந்தயம் பிடித்த பிறகே பணத்தை எடுக்கலாம். 5,000ஐ 35ஆல் பெருக்கினால் 175,000. அதில் நூற்றுக்கு நாலு 7,000. ஐயாயிரம் தருகிறேன் என்றவர் ஏழாயிரத்துக்கு வழி செய்துகொண்டார்.

நூற்றுக்கு 96 என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஒரே விளையாட்டை, ஒரே படம் ஒரே இசையோடு, வெவ்வேறு வீதங்களில் செய்து கொடுக்கிறார்கள். எதை வைப்பதென்று கம்பனி தீர்மானிக்கும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கசினோ இயந்திரத்துக்குச் சட்டம் விதித்த குறைந்த அளவு நூற்றுக்கு 75. அனுமதி பெற்றவர்களைப் பரிசோதிக்க ஆய்வுகூடங்களாவது உண்டு. அனுமதியில்லாத செயலிகளை யார் பார்ப்பது? வென்ற பணத்தைக் கொடுக்காமல் விட்டால் எங்கே போய் முறையிடுவது? பரிசோதனையும் முழுக் காவலல்ல. நெவாடா அரசின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சபையில் இயந்திரங்களைப் பரிசோதிக்கும் பொறுப்பிலிருந்த ரொனால்ட் டேல் ஹரிஸ் என்பவரே இயந்திரங்களில் கள்ளத்தனம் செய்து 1995இல் பிடிபட்டார்.

மைஸிரும் இதுவும்

அரபு மொழியில் சூதுக்கு 'மைஸிர்' என்று பெயர். 'யுஸ்ர்', அதாவது இலகு என்ற வேரிலிருந்து வந்த சொல் என்று விளக்கவுரையாளர்கள் கூறுவர். உழைப்பின்றி இலகுவாக வரும் பணம். அறியாமைக் கால அரபிகள் ஓர் ஒட்டகத்தை அறுத்து, பையிலிருந்து பத்து அம்புகளை இழுப்பார்கள். ஏழில் பங்கு உண்டு, மூன்று வெறுமை. வெறும் அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடும் வழக்கமும் இருந்தது. அப்படியிருந்தும், அதில் சில பயன்கள் உண்டாயினும் பாவமே பெரிது என்று அல்-பகறா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் உணர்த்துகிறது. அல்-மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் அதை மதுவோடு சேர்த்துத் தடுத்து, பகைமையையும் தொழுகையை மறக்கச் செய்வதையும் அதன் விளைவாகச் சுட்டுகின்றன. ஏழைக்கு இறைச்சி போன சூதுக்கே அந்தத் தீர்ப்பென்றால், ஊர் பேர் தெரியாத கம்பனிக்குப் பணம் போகும் இந்தச் சூதை என்னவென்பது!

வீட்டில் என்ன செய்யலாம்?

அடையாளங்களைக் கவனியுங்கள். இரவில் போனோடு தனித்திருத்தல், திரையைக் கண்டதும் மறைத்தல், காரணம் சொல்லாமல் சிறு சிறு கடன், சீட்டுக் காசும் கடைக் கணக்கும் பிந்துதல், ஒரு நாள் அளவுக்கு மீறிய மகிழ்ச்சி, மறுநாள் எரிச்சல். இவற்றில் ஒன்றைக் கண்டு சந்தேகப்பட வேண்டாம். பல சேர்ந்து வந்தால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கத்திச் சண்டை பிடிப்பதால் பயனில்லை. ஒளிப்பது கூடும், அவ்வளவுதான். அமைதியான ஒரு நேரத்தில் உட்கார்ந்து, மேலே சொன்ன அட்டவணையைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அரிசிச் சாக்கின் கணக்கைச் சொல்லுங்கள். வங்கிக் கணக்குத் தாளை இருவருமாகப் பார்த்து, போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று கூட்டுங்கள். கூட்டிய தொகையைக் கண்டபிறகு அதிக விளக்கம் தேவைப்படாது.

கடனை அடைக்க உடனே நகையைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். பணத்தைக் கையில் கொடுத்தால் அது மறுபடி அங்கேயே போகக்கூடும். கொடுப்பதென்றால் கடன் கொடுத்தவரிடம் நேரே கொடுத்துக் கணக்கை முடியுங்கள். உங்கள் வங்கி அட்டையையும், வங்கியிலிருந்து போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். போனிலிருந்து அந்தச் செயலியை அவரே தன் கையால் நீக்கட்டும்.

அப்படியும் முடியவில்லையா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இது வெறும் கெட்ட பழக்கம் என்ற எல்லையைத் தாண்டி நோயாகவும் ஆகலாம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலில், 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், சூதாட்டக் கோளாறு அடிமைப் பழக்கங்களின் வரிசையில் இடம்பெற்றிருக்கிறது. காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போவது போல இதற்கும் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சு ஒருவர் வாயில் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். அவரைத் தனியே விடவும் வேண்டாம்.

விட்டதைப் பிடிக்க முடியுமா என்று தொடங்கினோம். அந்த இயந்திரத்தில் முடியாது. ஆனால் நிறுத்திய நாளிலிருந்து வரும் சம்பளம் முழுதாக வீட்டுக்கு வரும். பிடிக்க முடிந்தது அதுதான். "போனது போகட்டும், இனிப் போகாமல் பார்ப்போம்" என்ற ஒரு வார்த்தையை நீங்கள் முந்திச் சொல்லுங்கள். மாட்டிக்கொண்டவருக்குத் திரும்பி வர ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல் வீட்டில் திறந்திருக்கட்டும்.